நுணா வேரின் சிவப்பு

நுணா மரத்தின் கிளையை ஒடித்தால் உள்ளே மஞ்சள் தெரியும். மஞ்சணத்தி என்ற பெயர் அதனால் வந்தது. பழைய நூல்களில் அது நுணவம். தமிழ்நாட்டில் யாரும் நடாமல் வேலியோரத்தில் முளைத்து, யாரும் தண்ணீர் ஊற்றாமல் நிற்கும். கட்டை லேசானது; மாட்டின் கழுத்து நோகாது என்று நுகத்தடிக்கு அதைத் தேடி வெட்டினார்கள். இலைச் சாற்றைக் குழந்தைகளின் மாந்தத்துக்குக் கொடுத்தார்கள். பிள்ளைகளுக்கோ காய்தான் பெரிது. முண்டும் முடிச்சுமான பச்சைக் காய்களை ஈர்க்குச்சியில் குத்தித் தேர் செய்து, நூல் கட்டித் தெருவில் இழுத்துப் போவார்கள்.

கிள்ளானுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் வாழ்ந்த என் பாட்டிக்கு அந்தத் தேர் கடைசிவரை நினைவில் இருந்தது. மலாய்க்காரர்கள் மெங்குடு என்று சொல்கிற மரத்தைப் பார்க்கும்போதெல்லாம் "இது நம்ம ஊரு நுணா" என்பார். அவர் சொன்னது முழுக்கச் சரியுமில்லை, முழுக்கத் தவறுமில்லை. மொரிண்டா என்ற ஒரே குலத்தில் தமிழ்நாட்டு நுணா ஒரு பிள்ளை. வீட்டுப் பக்கம் வளரும் பெரிய மெங்குடு இன்னொரு பிள்ளை. வெட்டிவிட்ட காட்டோரத்தில் புதரோடு புதராக எழும்பும் சிறிய மெங்குடு மூன்றாவது. மூவருக்கும் பிறவிச் சொத்து ஒன்றுதான். வேர்ப்பட்டைக்குள் மஞ்சளாகவும் ஆரஞ்சாகவும் சிவப்பாகவும் பதுங்கியிருக்கும் சாயம் அது. வேதியியலில் அதன் பெயர் ஆந்த்ராகுவினோன். அந்தச் சாயம் மண்ணிலிருந்து துணிக்கும், துணியிலிருந்து மறதிக்கும், மறதியிலிருந்து செர்டாங்கில் ஒரு கண்ணாடிக் குடுவைக்கும் வந்து சேர்ந்த வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் பயணம் துணிக்கு. வேரைத் தோண்டி, பட்டையை இடித்து, படிகாரம் ஏற்றிய நூலை அதில் வேகவைத்தால் கழுவினாலும் போகாத சிவப்பு ஏறும். படிகாரம்தான் சாயத்துக்கும் நூலுக்கும் நடுவே நின்று இரண்டின் கையையும் பிடித்துக்கொள்கிறது. இந்தியாவின் பல பகுதிகளில் இந்த வேருக்காகவே செடியைப் பயிரிட்டார்கள். ஜாவாவின் பத்திக் துணிகளில் பழைய செம்பழுப்பைக் கொடுத்ததும் மெங்குடு வேர்தான். சோழமண்டலக் கரையின் சாயவேரும், நாம் குடிக்கும் காப்பியும், வீட்டு வாசலில் பூக்கும் இட்லிப்பூவும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. சாயக்காரர்களுக்கு ஒரு நுணுக்கம் தெரிந்திருந்தது: பருத்த கிழட்டு வேரைவிட மெல்லிய இளவேரில் சாயம் மிகுதி. எனவே மூன்று நான்கு ஆண்டு வளர்த்து, மரமாகும் முன்பே வேரோடு பிடுங்கினார்கள். வேரை எடுப்பது என்றால் செடியைக் கொல்வது. இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கதை பின்னால் இங்கேதான் திரும்பி வரும்.

1868-ல் பெர்லினில் கிரேபே, லீபர்மன் என்ற இரு வேதியியலாளர்கள் நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் ஆந்த்ரசீனைக் கொண்டு அலிசரின் என்ற சிவப்பைச் செய்தார்கள். அதுவரை அந்தச் சிவப்பை வேரிலிருந்து மட்டுமே எடுக்க முடிந்தது. சில ஆண்டுகளில் ஆலைகள் அதை டன் கணக்கில் வடித்தன. உலகமெங்கும் வேர்ச்சாயம் பயிரிட்டவர்களின் பிழைப்பு போயிற்று. நுணாவின் வேரைத் தோண்ட ஆளில்லாமல் போனது. மரத்துக்கு அது நல்லதாகவும் இருந்திருக்கலாம்.

மலாயாவின் சிறிய மெங்குடுவுக்கு அறிவியல் உலகில் மொரிண்டா எலிப்டிகா என்று பெயர். பெயரின் பின்னால் வால்போல ஒட்டியிருக்கும் ஆசிரியர் பெயர் ரிட்லி. சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்த ஹென்றி நிக்கலஸ் ரிட்லிதான் அவர். காப்பித் தோட்டக்காரர்களைப் பார்க்கும்போதெல்லாம் ரப்பர் விதையை நீட்டி, "பைத்தியக்கார ரிட்லி" என்று பெயர் வாங்கியவர். மரத்தைக் கொல்லாமல் நாள்தோறும் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையை வகுத்தவரும் அவரே. அந்த ரப்பர் பிடித்த பிறகுதான் கப்பல் கப்பலாகத் தமிழர்கள் பால்வெட்ட இங்கே இறக்கப்பட்டார்கள். என் பாட்டியை இந்த மண்ணுக்குக் கொண்டுவந்த மரத்தையும், அவர் "நம்ம ஊரு நுணா" என்று அடையாளம் கண்ட மரத்தின் பெயரையும் ஒரே மனிதர் கையாண்டிருக்கிறார் என்பதை நான் தெரிந்துகொண்டபோது பாட்டி உயிரோடு இல்லை.

சிறிய மெங்குடு சாயத்துக்காகப் பேர்பெற்றதில்லை. மலாய் வைத்தியத்தில் அதன் இலைக்கும் வேருக்கும் இடம் இருந்தது. தலைவலி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு, பசியின்மை, மூலம் என்று அது பயன்பட்ட நோய்களின் பட்டியல் நீளம். இந்த வழக்கங்கள் பர்க்கிலின் மலாயாப் பொருளாதார விளைபொருள் அகராதியில் 1935-லேயே ஏறிவிட்டன. அகராதியில் ஏறிய பிறகு பல செடிகள் அங்கேயே உறங்கிப் போகும். இதற்கு அப்படி ஆகவில்லை.

கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறி, பிரிக்பீல்ட்ஸ் ஓரத்து கே.எல். சென்ட்ரலில் இறங்கி, தெற்கே போகும் வண்டிக்கு மாறினால் செர்டாங் வரும். 1931-ல் அங்கே ஒரு வேளாண் பள்ளி தொடங்கியது. 1947-ல் கல்லூரியாகி, 1971-ல் மலேசிய வேளாண் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. 1997-ல் பெயர் மாறி, இன்று புத்ரா பல்கலைக்கழகம். தீபாவளிக்குத் துணி வாங்க துன் சம்பந்தன் சாலைக்கு வருகிற எத்தனையோ குடும்பங்களின் பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள். அங்கே குடுவைக்குள் ஒரு மெங்குடு வளர்ந்த கதை நம் வீடுகளில் பேசப்படுவதே இல்லை. எனக்கு அது பெரிய குறையாகப் படுகிறது.

அந்தச் செடியின் மேல் ஆய்வாளர்களின் கண் பட்டதற்குக் காரணம் உண்டு. 1993-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் சிலர், ராஸ் என்ற மரபணு கெட்டுப்போனதால் தாறுமாறாக வளரும் செல்களை எடுத்துக்கொண்டு, எந்தத் தாவரச் சாறு அவற்றை மீண்டும் ஒழுங்கான உருவத்துக்குக் கொண்டுவருகிறது என்று தேடினார்கள். பெரிய மெங்குடுவின் வேரிலிருந்து எடுத்த டாம்னகாந்தல் அந்த வேலையைச் செய்தது. அது ஓர் ஆந்த்ராகுவினோன். சாயக்காரர் பானையில் கொதித்த குடும்பத்தின் பிள்ளை. செர்டாங்கில் அப்துல் மனாப் அலி, நோர்டின் லாஜிஸ் முதலியோர் சிறிய மெங்குடுவின் வேரிலிருந்து டாம்னகாந்தல், நோர்டாம்னகாந்தல், ரூபியாடின் என்று ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து, புற்றுசெல்கள் மீதும் கிருமிகள் மீதும் சோதித்து, 2000-ல் வெளியிட்டார்கள். தட்டில் உள்ள செல்லைக் கொல்வது மருந்தாகிவிடாது. ஆனாலும் ஆராய வேண்டிய பொருள் என்று அது நிறுவப்பட்டது.

ஆராய வேண்டுமென்றால் பொருள் வேண்டும். பொருளோ வேரில் இருக்கிறது. சாயக்காரர் பட்ட பாடு மறுபடியும் எதிரே வந்து நின்றது: ஆண்டுக்கணக்கில் காத்திரு, பிறகு செடியைக் கொல். நிலம், மழை, பருவம், வேரின் வயது என்று ஒவ்வொன்றுக்கும் ஏற்ப அளவு மாறும். ரிட்லி ரப்பர் மரத்தைச் சாகவிடாமல் பாலெடுத்ததுபோல, மெங்குடுவைப் பிடுங்காமல் சாயத்தை எடுக்க வழி உண்டா? உண்டு. செடியே இல்லாமல் செல்லை மட்டும் வளர்ப்பது.

திசு வளர்ப்பின் தொடக்கம் பார்க்க எளிது. இளம் இலையில் ஒரு சிறு துண்டை வெட்டி, சாராயத்திலும் வெளுப்பு நீரிலும் கிருமி நீக்கி, சத்துக் கலந்த அகார் மேல் வைப்பார்கள். அகார் என்ற சொல் உலகத்தின் எல்லா ஆய்வகங்களிலும் புழங்குகிறது; அது மலாய்ச் சொல். நம் வீட்டு விருந்துகளில் வெட்டி வைக்கும் அகார்-அகார்தான் அது. சில வாரங்களில் இலைத் துண்டின் வெட்டு வாயில் கொழகொழவென்று ஒரு திரள் பொங்கும். அதைக் கேலஸ் என்பார்கள். அது இலையுமல்ல, வேருமல்ல. எதுவாக ஆவது என்று தீர்மானிக்காத செல்கூட்டம். அதில் பொலபொலவென்று உதிரும் பகுதியைக் கிள்ளி, திரவத்தில் போட்டு, குலுக்கும் மேடையில் ஏற்றினால் செல்கள் பிரிந்து மிதந்து பெருகும். ஊட்டம் தீரும் முன் புதுக் குடுவைக்கு மாற்றிக்கொண்டே இருந்தால் இந்தப் பரம்பரை ஆண்டுக்கணக்கில் நீளும்.

எல்லாம் அந்தத் திரவத்தில் இருக்கிறது. மண்ணில் வேர் தேடிப் பிடிக்கும் அத்தனையும், இலை வெயிலில் சமைக்கும் அத்தனையும் அதில் கரைந்திருக்க வேண்டும். உலகம் முழுதும் பயன்படும் கரைசலுக்கு முராஷிகே, ஸ்கூக் இருவரின் பெயர், சுருக்கமாக எம்.எஸ். முராஷிகே ஹவாயில் பிறந்தவர். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஸ்கூக்கிடம் ஆய்வு மாணவராகச் சேர்ந்தார். புகையிலைத் திசுவுக்கு புகையிலை இலைச் சாறு ஊற்றினால் அது வேகமாக வளர்ந்தது. சாற்றில் ஏதோ ஒரு புது ஹார்மோன் ஒளிந்திருக்கிறது என்று நம்பி அதைத் தேடினார். கடைசியில் இலையை எரித்துச் சாம்பலை மட்டும் கரைத்து ஊற்றியபோதும் திசு நன்றாக வளர்ந்தது. ஹார்மோன் சாம்பலில் தங்காது. தங்கியவை உப்புகள். அதுவரை உலகம் கொடுத்துவந்த கரைசல்களில் தாது உப்பு மிகக் குறைவாக இருந்தது என்பதுதான் அவர் கண்ட உண்மை. திசுக்கள் இத்தனை காலமும் அரைவயிற்றோடு கிடந்திருக்கின்றன. எது எவ்வளவு என்று அளந்து அளந்து, 1962-ல் அந்தக் கணக்கை வெளியிட்டார்கள்.

ஒரு லிட்டருக்கு 1,650 மில்லிகிராம் அம்மோனியம் நைட்ரேட், 1,900 மில்லிகிராம் பொட்டாசியம் நைட்ரேட், 170 மில்லிகிராம் பொட்டாசியம் பாஸ்பேட், 30 கிராம் சர்க்கரை. கால்சியம், மக்னீசியம், இரும்பு. கோபால்ட் உப்பும் செம்பு உப்பும் தலா 0.025 மில்லிகிராம். அந்தக் கடைசி அளவை நினைத்தால் எனக்கு மலைப்பாக இருக்கும். கண்ணுக்குத் தெரியாத தூசு அது. அது குறைந்தாலும் கூடினாலும் செல்லுக்குத் தெரியும்.

நம் உழவர்கள் நைட்ரஜனைத் தழைச்சத்து என்பார்கள், பாஸ்பரஸை மணிச்சத்து என்பார்கள், பொட்டாசியத்தைச் சாம்பல்சத்து என்பார்கள். முதல் இரண்டு சத்தும் எதைச் செய்யும் என்பது பெயரிலேயே இருக்கிறது. யூரியாவை அள்ளிக் கொட்டினால் பயிர் கரும்பச்சையாகத் தழைக்கும், கதிர் இளைக்கும் என்பது எந்த நெல் விவசாயிக்கும் தெரியும். குடுவைக்குள்ளும் இதுவே நடக்கிறது. எம்.எஸ். கரைசல் தழைக்க வைக்கும் உணவு. முராஷிகேவுக்கு வேண்டியது வளர்ச்சி. அவர் மருந்துச் சரக்கைத் தேடவில்லை. ஆகவே அவருடைய கரைசலில் மெங்குடு செல்லை வளர்த்தால் செல் கொழுக்கும். சாயம் வருமா என்பது வேறு கேள்வி.

ஏன் வேறு கேள்வி என்பதற்குச் செல்லின் உள்ளே ஒரு முச்சந்தி இருக்கிறது. சர்க்கரையிலிருந்து புறப்பட்ட கார்பன் பல படி தாண்டி கோரிஸ்மேட் என்ற பொருளாகிறது. அங்கிருந்து ஒரு பாதை அமினோ அமிலங்களுக்குப் போகும். அவை புரதமாகும், புரதம் புதுச் செல்லாகும். இன்னொரு பாதை ஐசோகோரிஸ்மேட் வழியாக ஆந்த்ராகுவினோனுக்குப் போகும். அமினோ அமிலம் செய்ய நைட்ரஜன் வேண்டும். ஆந்த்ராகுவினோனில் ஒரு நைட்ரஜன் அணுகூட இல்லை. எனவே தழைச்சத்து தாராளமாக இருக்கும்வரை சரக்கெல்லாம் முதல் பாதையில் ஓடும். அது மெலிந்து, சர்க்கரை மட்டும் மிஞ்சி நிற்கும்போது, கார்பன் இரண்டாம் பாதையில் திரும்பும். பிரிந்து பெருகுவதை நிறுத்திய செல் தன் உள்ளறையில் மஞ்சளைச் சேர்க்கத் தொடங்கும். மண்ணில் இருக்கும் வேரும் இதைத்தான் செய்கிறது. பூஞ்சையும் பூச்சியும் வராமல் காத்துக்கொள்ள அது சேர்த்துவைக்கும் ஆயுதமே மனிதனுக்குச் சாயமாகவும் மருந்தாகவும் தெரிகிறது.

இதை மெங்குடுவில் முதலில் தெளிவாகக் காட்டியவர் ஜெர்மனியின் மைன்ஹார்ட் சென்க். 1975-ல் அவரும் அவர் தோழர்களும் பெரிய மெங்குடுவின் செல்களை வளர்த்தபோது, ஹார்மோன் ஒன்றே எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது. 2,4-டி ஊற்றிய குடுவையில் செல்கள் வெளிறியபடி பெருகின, சாயம் இல்லை. அதற்குப் பதில் என்.ஏ.ஏ. ஊற்றியபோது குடுவை மஞ்சளாகி, பிறகு செம்மஞ்சளானது. இரண்டுமே ஆக்சின் வகை. 2,4-டி செல்லைப் பிரிந்துகொண்டே இருக்கச் சொல்கிறது, என்.ஏ.ஏ. மூச்சுவிட இடம் கொடுக்கிறது. தோட்டங்களில் முதுகில் தொட்டி சுமந்து மருந்தடித்த பெண்களுக்கு 2,4-டி களைக்கொல்லியாகத் தெரியும். சிறு அளவில் அதே பொருள் ஆய்வகத்தில் செல்லை வளர்க்கிறது. சர்க்கரையை வழக்கமான மூன்று சதவீதத்திலிருந்து ஏழுக்கு ஏற்றியபோது சாயம் மேலும் கூடியது. இப்படி உலர்ந்த செல்லின் எடையில் 18 சதவீதம்வரை ஆந்த்ராகுவினோன் கிடைத்த கணக்கு பாடநூல்களில் இருக்கிறது. வேரில் இருப்பதைவிட அது பல மடங்கு.

பாஸ்பேட்டில்தான் ஒரு வியப்பு. மணிச்சத்தைக் குறைத்தால் மருந்துப் பொருள் கூடும் என்பது பல செடிகளில் கண்ட வழக்கம். நித்தியகல்யாணியின் செல்களில் 1980-ல் குனோப்ளோக், பெர்லின் இருவரும் அதையே பார்த்தார்கள்: பாஸ்பேட்டையும் தாது நைட்ரஜனையும் 2,4-டியையும் எடுத்துவிட்டு, சர்க்கரையை எட்டு சதவீதமாக்கினால் ஆல்கலாய்டு சேர்ந்தது. ஆனால் சென்க்கின் மெங்குடுவோ பாஸ்பேட்டை ஏற்றியபோது கூடுதல் சாயம் கொடுத்தது. ஒரு செடியில் கற்ற பாடத்தை அப்படியே இன்னொரு செடியில் ஒப்பிக்க முடியாது. ஒவ்வொரு செல்லையும் அதனதன் பசியைக் கேட்டுத்தான் வளர்க்க வேண்டியிருக்கிறது.

ஜப்பானியர்கள் இந்த அறிவைத் தொழிலாகவே ஆக்கிக் காட்டினார்கள். முராசாகி என்ற செடியின் வேரில் ஷிகோனின் என்ற ஊதாச் சிவப்பு உண்டு. புண்ணுக்கு மருந்து, துணிக்குச் சாயம். வேர் பிடிக்க ஆண்டுகள் ஆகும், அப்போதும் ஒன்றிரண்டு சதவீதமே கிடைக்கும். கியோட்டோவில் தபாட்டா, மிட்சுய் நிறுவனத்தில் புஜிதா முதலியோர் அந்தச் செல்களுக்கு அம்மோனியம் கொடுத்தால் சிவப்பு வரவே இல்லை என்று கண்டார்கள். நைட்ரஜனை நைட்ரேட்டாக மட்டும் கொடுத்து, செம்பைக் கொஞ்சம் கூட்டிய கரைசலில் செல்கள் சிவந்தன. அதனால் இரண்டு சமையல் வைத்தார்கள். முதல் தொட்டியில் வளர்வதற்கான உணவு. பெருகிய செல்லை எடுத்து, இரண்டாம் தொட்டியில் சிவப்பதற்கான உணவு. இரண்டாம் தொட்டியின் கொள்ளளவு 750 லிட்டர். மூன்று வாரச் சொச்சத்தில் செல்லின் எடையில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு சாயமாக நின்றது. 1983-ல் விற்பனைக்கு வந்த அந்தச் சரக்கு, கானெபோ நிறுவனத்தின் உதட்டுச் சாயமாகக் கடைகளில் நின்றது.

செர்டாங் கதைக்கு இந்தப் பின்னணி தெரிந்தால் போதும். 1998-ல் அப்துல்லா, அலி, மர்ஸியா, லாஜிஸ், அரிப் ஆகிய ஐவரும் சிறிய மெங்குடுவின் செல்களைத் திரவத்தில் நிலைநிறுத்தி, ஆந்த்ராகுவினோன் எடுப்பதற்கான வழியை வெளியிட்டார்கள். நம் காட்டோரச் செடிக்கு யாரும் முன்பு சமையல் குறிப்பு எழுதி வைக்கவில்லை. எந்த அடிப்படைக் கரைசல், எந்த ஹார்மோன், எவ்வளவு சர்க்கரை, வெளிச்சமா இருட்டா என்று ஒன்றொன்றாக மாற்றி, வடிகட்டி, உலர்த்தி, எடைபோட்டு, சாயத்தைக் கரைத்து அளந்து பார்க்க வேண்டியிருந்தது. ஒரு குடுவைக்கு இரண்டு மூன்று வாரம். ஒரு கேள்விக்குப் பத்திருபது குடுவை. ஒரு குடுவையில் பூஞ்சை விழுந்தால் அந்த வாரம் வீண்.

அவர்கள் மூன்று வகை உணவை வகுத்தார்கள். செல் பரம்பரை அறாமல் காக்க ஒன்று. நடுவில் தயார்ப்படுத்த ஒன்று. சாயம் சேர்க்க ஒன்று. 2004-ல் சோங், அப்துல்லா முதலியோர் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். மூன்றாவது உணவில் ஒரு லிட்டருக்கு 49 கிராம் உலர்ந்த செல்லும், ஒவ்வொரு கிராம் செல்லிலும் 42 மில்லிகிராம் ஆந்த்ராகுவினோனும் கிடைத்தன. பெருக்கிப் பார்த்தால் லிட்டருக்கு இரண்டு கிராம். செடியின் இலையில் இருப்பதைப்போல ஏழு மடங்கு. இங்கே வளர்ச்சியும் சாயமும் ஒன்றையொன்று விழுங்காமல், ஒரே உணவில் இரண்டும் உச்சத்தில் நின்றன என்பதுதான் என்னை நிறுத்தி வாசிக்க வைத்தது. ஜப்பானியர்கள் இரண்டு தொட்டிகளாகப் பிரித்த வேலையை இந்தச் செடி ஒரே குடுவையில் செய்ய ஒப்புக்கொண்டது.

ஆனால் செல் அதற்கு விலை கொடுத்தது. அதே ஆய்வில் சாயம் மிகுந்த குடுவையில்தான் ஹைட்ரஜன் பெராக்சைடும் மிகுந்திருந்தது. அது செல்லின் சவ்வை அரிக்கும் பொருள். அதை எதிர்க்கும் வைட்டமின் ஈ முதல் வாரம் நிறைய இருந்து, இரண்டாம் மூன்றாம் வாரங்களில் சரிந்தது. வைட்டமின் சி எல்லாக் குடுவைகளிலும் இலையில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். மஞ்சள் ஏறி அழகாகத் தெரிகிற அந்தக் குடுவைக்குள் ஒரு போராட்டம் நடந்துகொண்டிருக்கிறது. மண்ணில் வேர் அதைக் கிருமியோடு நடத்துகிறது. குடுவையில் கிருமி இல்லை, உணவின் அளவு மட்டும் மாறியிருக்கிறது. செல்லுக்கோ இரண்டும் ஒரே நெருக்கடிதான்.

இந்த நெருக்கடியை வேண்டுமென்றே கூட்டியும் பார்த்தார்கள். செடி பூச்சி கடித்தால் தனக்குள் அனுப்பும் அபாயச் செய்தி ஜாஸ்மோனிக் அமிலம். கடி இல்லாமலே அந்தச் செய்தியை மட்டும் குடுவைக்குள் ஊற்றிய ஆய்வு 2005-ல் வந்தது. 2007-ல் சியாங்கும் அப்துல்லாவும் சாயத்தை உறிஞ்சிக்கொள்ளும் பொருளைக் கரைசலில் போட்டுப் பார்த்தார்கள். சேர்த்ததை வெளியே வாங்கிக்கொண்டால் செல் மேலும் சேர்க்கும். பால்வெட்டுத் தெரிந்தவர்களுக்கு இது புதிதாக இராது. வடிந்த மரம்தான் மறுநாளும் வடியும்.

குடுவையில் நடந்தது பெரிய தொட்டியில் அப்படியே நடக்கவில்லை. கலக்கியும் காற்றும் உள்ள தொட்டிக்கு மாற்றியபோது செல்களிலிருந்து கசியும் புரதமும் பசையும் நுரையாகப் பொங்கின. நுரையோடு ஏறிய செல்கள் தொட்டியின் சுவரில் அப்பிக்கொண்டு, கரைசலுக்கு எட்டாமல் காய்ந்தன. கீழே உணவு இருந்தும் மேலே பட்டினி. 2000-ல் இதற்கென்றே ஓர் ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டியிருந்தது. ஆய்வக அறிவு தொழிற்சாலைக்குப் போகும் வழியில் எத்தனையோ செடிகள் இந்த நுரையில்தான் மூழ்கின. கடந்து வந்தவை சில. ஊசியிலை மரமான டாக்சஸின் செல்களை மிகப் பெரிய தொட்டிகளில் வளர்த்து, பாக்லிடாக்சல் என்ற புற்றுநோய் மருந்தை இன்று எடுக்கிறார்கள். அந்த முறைக்கு 2004-ல் அமெரிக்க அரசின் பசுமை வேதியியல் விருது கிடைத்தது. மரத்தின் பட்டையை உரித்துக் கொல்லும் வேலை அதனால் குறைந்தது. மெங்குடுவின் டாம்னகாந்தல் அந்த இடத்துக்கு வரவில்லை.

கிள்ளானில் மெங்குடுச் சாறு போத்தல்களைப் பார்த்திருப்பீர்கள். அது பழத்தின் சாறு. நான் சொல்லிவந்த வேரின் சாயம் வேறு. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் விட்டால் தவறு செய்தவனாவேன். வேரின் ஆந்த்ராகுவினோன்களில் லூசிடின் என்பது மரபணுவைக் கெடுக்கக்கூடியது. ஐரோப்பியச் சாயவேரான மாடரில் இது இருந்ததால்தான் அதன் வேர் மருந்துகள் ஜெர்மனியில் விலக்கப்பட்டன. யாராவது மெங்குடு வேரை இடித்துக் குடிக்கச் சொன்னால் கேட்க வேண்டாம்.

லூசிடினையும் டாம்னகாந்தலையும் வரைந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எலும்புக்கூடு ஒன்றே. ரூபியாடினில் ஒரு மூலையில் மீத்தைல் தொங்குகிறது. அதில் ஓர் ஆக்சிஜன் ஏறினால் லூசிடின். அந்த இடம் இன்னும் ஒரு படி ஆக்சிஜனேற்றம் பெற்றால் நோர்டாம்னகாந்தல். அதன் ஒரு கையில் மீத்தைல் தொப்பி வைத்தால் டாம்னகாந்தல். நஞ்சுக்கும் நம்பிக்கைக்கும் நடுவே இரண்டே படி. இவை எல்லாம் சேர்ந்து குடுவையில் "மொத்த ஆந்த்ராகுவினோன்" என்று ஒரே மஞ்சளாகத் தெரிகின்றன; 42 மில்லிகிராம் என்ற கணக்கும் அந்த மொத்தத்தின் கணக்குதான். எந்த உணவு கொடுத்தால் செல் லூசிடினில் நிற்காமல் மேலே ஏறும், செம்பு கூட்டினாலா, அம்மோனியத்தை எடுத்தாலா, சர்க்கரையை எந்த நாளில் ஊற்றினாலா என்று யாராவது ஒரு வரிசைக் குடுவைகளைக் குலுக்கும் மேடையில் ஏற்ற வேண்டும். ஒவ்வொன்றுக்கும் மூன்று வாரம் ஆகும்.